வேய்தலும் மேய்தலும்: கடாரத்துக் கூரைச் சொற்கள்



இன்றைய பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் கூரை வேய்தல். இலக்கண நுட்பத்தையோ காப்பியத் திறனாய்வையோ எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது சற்றே தாழ்ந்த பொருளாகத் தோன்றலாம். கூரை உயரத்தில் இருப்பது. ஆகவே தாழ்ந்த பொருள் என்று சொல்லவும் வழியில்லை. கெடா மாநிலத்தின் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சிற்றூர்களிலும் ஓலைக் கூரை வழக்கொழிந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. அது போனதற்காக நான் வருந்தவில்லை. மழைக்காலத்து நள்ளிரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒழுகாத மூலையைத் தேடியவர் எவரும் வருந்தமாட்டார். அக்கூரையோடு சேர்ந்து வாழ்ந்த சொற்கள் என்னவாயின என்பதே என் வினா. அவற்றுள் ஒரு சொல், இந்நாட்டில் நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வைப் பற்றி ஒரு சான்று தருகிறது. அச்சொல் 'அத்தாப்பு'. அதனிடம் செல்லுமுன் தமிழின் பழைய கூரைச் சொற்களைச் சிறிது காண்போம்.

வேய்தல் என்னும் வினைக்கு மூடுதல், சூடுதல், அணிதல் எனப் பல பொருள்கள் உண்டு. குடிலுக்குப் புல் வேய்வதும் கூந்தலுக்குப் பூ வேய்வதும் ஒரே வினைதான். தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்று முதற் பராந்தக சோழன் போற்றப்படுகிறான். புல்லுக்கு வழங்கிய வினை பொன்னுக்கும் வழங்கியது. பொன்னுக்கென்று தனி வினையைத் தமிழ் படைத்துக்கொள்ளவில்லை. மூங்கிலுக்கும் வேய் என்று பெயர் உண்டு. இரண்டும் ஒரே வேரினவா என்பது வேறு ஆய்வு. மாணவர்கள் ஒலி ஒற்றுமையை மட்டும் கண்டு முடிவு கட்டிவிட வேண்டா.

சங்க இலக்கியத்துள் கூரைகளைக் கூர்ந்து நோக்கியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அவருடைய பெரும்பாணாற்றுப்படையில் பாணன் நிலம் நிலமாகக் கடந்து செல்லும்போது வீடுகளின் மேற்பரப்பும் மாறிக்கொண்டே வருகிறது. எயினர் குடிலை ஈந்தின் இலை மூடுகிறது; வலைஞர் குடிலைத் தருப்பைப் புல் மூடுகிறது. அந்தந்த நிலத்தில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதுவே கூரை. இதே புலவர்தாம் பட்டினப்பாலையையும் பாடியவர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்திலிருந்து வந்தவற்றையும் அப்பாட்டு குறிக்கிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். அக்கடாரத்தை இன்றைய கெடாவாகக் கொள்வோர் பலர். பர்மாவாகக் கொள்வோரும் உளர். முதற் கருத்தை ஏற்றால், குடில்களின் கூரையைப் பாடிய புலவரே நாம் கூடியிருக்கும் இந்நிலத்தையும் அறிந்திருந்தார் ஆகிறார். தருப்பை என்று பெயர் பெறும் புற்களுள் ஒன்றும், தோட்டத் தொழிலாளர் வெட்டி வெட்டிக் கை சலித்த லாலாங் புல்லும் தாவரவியலார் கணக்கில் ஒரே இனம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இளைய புலவர்களுக்கு ஒரு பாடல் எழுத இது போதும்.

கெடாவில் கூரை பற்றிய பழைய தடயம் ஒன்று உண்டு. மெர்போக்கில், ஜெராய் மலையடிவாரத்தில் உள்ள புக்கிட் பத்து பகாட் கோயிலை உங்களுட் பலர் பள்ளிச் சுற்றுலாவில் கண்டிருப்பீர்கள். 1936, 1937 ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் ஆய்வு செய்த பூசாங் பள்ளத்தாக்கு இடங்களுள் ஒன்று அது; 1960 இல் மீளக் கட்டமைக்கப்பட்டது. கருவறையும் முன்மண்டபமும் கல்லால் ஆன அடித்தளங்களாக நிற்கின்றன. மண்டபத்தில் தூண்களைத் தாங்கிய அடிக்கற்கள் வரிசையாக உள்ளன. தூண்கள் இல்லை, கூரையும் இல்லை. மரத்தூண்களின் மீது ஓலையோ மரமோ போன்ற அழியும் பொருளால் கூரை அமைந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. அந்த அடிக்கற்கள் இல்லையேல் அங்கே ஒரு கூரை இருந்ததென்று சொல்ல நமக்கு ஆதாரமே இராது. தோட்டத்துக் கூரைகளுக்கு அத்தகைய அடிக்கற்களும் கிடையா. அவற்றுக்கு எஞ்சியிருப்பது பேச்சு ஒன்றுதான்.

பேச்சிலிருந்து தொடங்குவோம். தோட்டத்து முதியவர்கள் 'கூரை மேஞ்சாங்க' என்பார்கள். பள்ளியில் ஒரு மாணவன் 'கூரை மேய்ந்தார்கள்' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிட்டு, 'மாடுதான் மேயும்' என்று ஓரத்தில் எழுதுவார். வகுப்பு சிரிக்கும். ஆசிரியர்களே, அம்மாணவன் எழுதியது பிழையன்று. மேய்தல் என்பதற்குக் கூரை மூடுதல் என்ற பொருளை அகராதிகளும் ஏற்றுள்ளன. மலையாளத்தில் வீட்டுக்கு ஓலையிடுவதைக் குறிக்கும் வினை 'மேயுக' என்பதுதான். யாழ்ப்பாணத்தாரும் கிடுகால் வீடு மேய்ந்தார்கள். வகரமும் மகரமும் இதழில் பிறப்பவை. ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவது திராவிட மொழிகளில் புதிதன்று. விழுங்கு, முழுங்கு, விழி, முழி, விஞ்சு, மிஞ்சு ஆகிய இணைகளை எண்ணிப் பாருங்கள். வானம் பார்த்த பூமியை உழவர் 'மானம் பாத்த பூமி' என்பதும் இவ்வகையே. கட்டுரையில் 'வேய்ந்தார்கள்' என்று எழுதப் பழக்குங்கள், அதில் தடையில்லை. ஆனால் பாட்டியிடம் கேட்டதை எழுதிவந்த பிள்ளையின் சொல்லைக் கொச்சை என்று தள்ளிவிடாதீர்கள்.

சிவப்பு மைக்கு உண்மையாகவே வேலை தருவது கூரையும் கூறையும்தான். இடையின ரகரம் வந்தால் வீட்டின் மேல். வல்லின றகரம் வந்தால் ஆடை. திருமண அழைப்பிதழ்களில் 'கூரைப் புடவை' என்று அச்சிடப்படுவதைக் கண்டு நான் கவலையுற்றதுண்டு, மணமகள் பாவம்.

இனிக் கூரையின் உறுப்புகள். உச்சி முகடு, அதில் நீளவாக்கில் கிடப்பது முகட்டு வளை. முகட்டிலிருந்து சரிந்து இறங்குபவை கைமரங்கள். கைமரங்களின் குறுக்கே நெருக்கமாகக் கட்டப்படும் மெல்லிய கழிகள் வரிச்சு. சுவருக்கு வெளியே நீண்டு தாழும் விளிம்பைச் சங்க இலக்கியம் இறை என்றது. பிற்காலத்தில் இறப்பு, இறவாரம், இறவாணம் எனப் பலவாறு வழங்கியது. கத்தியையும் அரிவாளையும் இறப்பில் செருகி வைப்பது நம் வழக்கம். ஓடும் தகரமும் வந்த பின் செருக இடமில்லை, சொல்லும் கைவிடப்பட்டது.

வேயும் பொருளுக்கேற்ப வினையும் மாறும். தென்னை ஓலையை நடுநரம்பில் இரண்டாகப் பிளந்து, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி, இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிக் கோத்தால் கீற்று. இலங்கையில் அதுவே கிடுகு. இச்செயலுக்கு முடைதல் என்று பெயர். பனையோலை விசிறி போன்றது. அதை முடைய வேண்டுவதில்லை, வெயிலில் படியவைத்து அடுக்கிக் கட்டினால் போதும். தென்னங்கீற்று இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டியதாகிவிடும். பனையோலை அதைவிட நீண்டு உழைக்கும். நெல் விளையும் ஊர்களில் வைக்கோல் வேய்ந்து, பிரி திரித்துக் கட்டினார்கள். விழல் என்ற புல்லும் கூரைக்கு உதவியது. பயனற்ற முயற்சிக்கு விழலுக்கு இறைத்த நீரை உவமை சொல்லுகிறோம். கூரை வேய்பவனைக் கேட்டால் அந்நீர் முழுதும் வீணென்று ஒப்புக்கொள்வானா என்பது ஐயமே.

எப்பொருளாயினும் வேலை இறப்பிலிருந்து தொடங்கி முகட்டை நோக்கி ஏறும். கீழ் வரிசையின் தலையை மேல் வரிசையின் வால் மூடவேண்டும். இல்லையேல் நீர் உள்ளே இறங்கும். வரிசைகளுக்கு இடையே விடும் இடைவெளி குறையக் குறையக் கூரையின் ஆயுள் கூடும், ஓலைச் செலவும் கூடும். சரிவு செங்குத்தாக இருந்தால் நீர் தங்காது, ஓலை அழுகாது. அடுப்புப் புகை பூச்சிகளை அண்டவிடாது. புகைபோக்கி இல்லாத குடிசையைக் குறை சொன்னவர்கள் பலர். அடுக்களைக்கு மேல் இருந்த ஓலை அதனால்தான் நெடுநாள் தாங்கியது என்பதை அதில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். புகையால் கண் கலங்கியதையும் அவர்களே அறிவார்கள்.

இந்த அறிவோடு வந்தவர்கள் கெடாவில் கண்டது வேறொரு கூரை. 1909 ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷார் வசம் வந்தது. அதன்பின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. காட்டை அழித்து இரப்பர் நட்ட நிலத்தில் கூரைக்கு வேண்டிய தென்னைக்கும் பனைக்கும் எங்கே போவது? கைக்கெட்டியது நிப்பா. மெர்போக் ஆற்றுக் கழிமுகம் போன்ற உவர்நீர்ச் சேற்றில் வளரும் பனையினம் அது. தண்டு சேற்றுக்குள் கிடக்க, ஓலை மட்டுமே மேலெழுந்து நிற்கும். நன்னீர்ச் சதுப்பில் வளரும் ரும்பியாவின் ஓலையும் உண்டு. உழைப்பில் அது உயர்ந்தது.

மலாய்க் கிராமத்தார் இதை முடைவதில்லை. நிப்பாவின் இலைகளை நடுத்தண்டிலிருந்து உரித்தெடுத்து, மூங்கிலிலோ நீபோங் மரத்திலோ சீவிய பட்டையின் மீது ஒவ்வொன்றாக மடித்துப்போட்டு, பிரம்பு நாரால் தைத்துக்கொண்டே போவார்கள். பட்டை நிறைந்தால் ஓர் ஓலைத் தட்டு முடிந்தது. அப்பட்டைக்கு மலாயில் பெங்காவான் என்று பெயர். தட்டுகளை எண்ணும்போதும் அதே சொல்தான். நம்முடைய வினை முடைதல். அவர்களுடைய வினை தைத்தல். நம்முடையதில் ஓலையின் நரம்பே சட்டமாகிறது. அவர்களுடையதில் சட்டம் வெளியிலிருந்து வருகிறது. இரண்டும் நீரை வடிப்பவைதாம், எனினும் கைக்கு இரண்டும் வேறு. கீற்று என்ற நல்ல சொல் கையிருப்பில் இருந்தும் தோட்டத்துத் தமிழர் அதை நிப்பாத் தட்டுக்குச் சூட்டாமல், 'ஆதாப்' என ஒத்து ஒலிக்கும் மலாய்ச் சொல்லைக் கடன் வாங்கி அத்தாப்பு என்றதற்குக் காரணம் இவ்வேறுபாடே என்று நான் கருதுகிறேன். சொல் வறுமையால் வந்த கடன் அன்று இது. பொருளைச் சரியாக அறிந்ததனால் வந்த கடன்.

அச்சொல் எவ்வழியாக வந்தது? தோட்டத்துத் துரைமார்களும் இச்சொல்லை ஆங்கிலத்தில் வழங்கினார்கள். அவர்கள் வாயிலிருந்து தொழிலாளர் கற்றார்களா, மலாய்க்காரர் வாயிலிருந்து கற்றார்களா? விடை அச்சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தின் தகர ஒலி நாநுனி பல்லுக்கு மேலுள்ள ஈற்றில் ஒற்றப் பிறப்பது. தமிழ்ச்செவி அதைப் பெரும்பாலும் டகரமாகவே கேட்கும். டிக்கெட், எஸ்டேட், டாக்டர் ஆகியவற்றை நோக்குக. மலாய்த் தகரமோ நம் தகரம்போல் நா பல்லைத் தொடப் பிறப்பது. துரை வழியாக வந்திருந்தால் அச்சொல் 'அட்டாப்பு' ஆகியிருக்கும். 'அத்தாப்பு' என்ற தகரம், அது மலாய்க்காரர் ஒருவரின் நாவிலிருந்து நேரே தமிழர் ஒருவரின் செவிக்கு வந்தது என்பதைக் காட்டுகிறது. தோட்டக் கணக்கேடுகள் சம்பளத்தையும் பால் எடையையும் எழுதின. கிராமத்து மலாய்க்காரரும் லயத்துத் தமிழரும் ஓர் ஓலைத் தட்டை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டதை அவை எழுதவில்லை. ஒரு மெய்யெழுத்து அதைப் பதிந்து வைத்திருக்கிறது.

மற்ற மாற்றங்களும் இலக்கணப்படியே நிகழ்ந்தன. உயிர்களுக்கு நடுவே தனித் தகரம் நின்றால் தமிழில் அது மெலிந்தொலிக்கும். வன்மையைக் காக்க இரட்டிப்பு வேண்டும். வல்லின மெய் சொல்லிறுதியில் நில்லாது. ஆகவே பகரம் இரட்டித்துக் குற்றியலுகரம் ஏறியது. ஏறிய பின் அச்சொல் வன்றொடர்க் குற்றியலுகரத்துக்குரிய புணர்ச்சி விதியையும் ஏற்றுக்கொண்டது. 'அத்தாப்புக் கூரை', 'அத்தாப்புக் கொட்டகை' என்று ஒற்று மிகச் சொல்லுகிறோம். எழுத்தறியாத முதியவரும் அவ்வாறே சொல்லுவார். இதற்குமேல் ஒரு சொல் தமிழாவதற்கு என்ன சான்றிதழ் வேண்டும்? தொல்காப்பியர் சொற்களை நான்காகப் பகுத்துத் திசைச்சொல்லுக்கு இடம் தந்தார். நன்னூலார் அவ்விடத்தைப் பிறமொழி வழங்கும் நிலங்களுக்கும் விரித்தார். அவ்விடத்தில் அத்தாப்பு உரிமையோடு அமரலாம்.

இச்சொல்லின் உறவினர் உலகின் பாதியில் பரவியிருக்கிறார்கள். ஆஸ்திரோனேசிய மொழிகளில் தகாலோக் மொழியின் 'அத்திப்', சமோவாவின் 'ஆத்தோ', ஹவாயின் 'ஆக்கோ' எல்லாம் ஒரே மூலத்தினின்று பிறந்தவை. கூரை, கூரை வேய்தல் என்ற பொருளையே தருபவை. மலாயிலும் அது பொதுச்சொல். தகரமாயினும் ஓடாயினும் அப்பெயர் பொருந்தும். தமிழுக்கு வந்தபோதோ அது இலைக் கூரையை மட்டும் குறிக்கச் சுருங்கிற்று. பொதுப்பொருளுக்குக் கூரை ஏற்கெனவே இருந்ததால். கொடுக்கல் வாங்கல் கணக்கில் இன்னொன்றும் காண்க. மலாய்மொழி கடை, கப்பல், பெட்டி, கட்டில் ஆகியவற்றோடு மாளிகையையும் நம்மிடமிருந்து பெற்றது. நாம் மாளிகையைக் கொடுத்து அத்தாப்பை வாங்கியிருக்கிறோம். வணிகராய் வந்த காலத்துக்கும் கூலியாய் வந்த காலத்துக்கும் உள்ள தொலைவு இவ்விரு சொற்களில் அடங்கிவிடுகிறது.

அத்தாப்பு என்றால் சிலர் நினைவில் எழுவது வேறு. சயாம், பர்மா இரயில் பாதைக்கு ஜப்பானியர் ஆள் திரட்டியபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே அவர்கள் கிடந்த முகாம்கள் மூங்கிலாலும் அத்தாப்பாலும் ஆனவை. மீண்டு வந்தவர்கள் அச்சொல்லை ஒலித்த தொனி வேறாகவே இருந்திருக்கும். மீளாதவர்களுக்கு அதுவே கடைசிக் கூரை.

ஓலைக் கூரையைப் போற்றிப் பாட நான் இங்கு வரவில்லை என்பதற்கு இன்னும் ஒரு காரணம் சொல்லுகிறேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில், சமையற்கூடத்துக் கீற்றில் பற்றிய தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன்பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன, அகற்றியதே முறை. குடிசை என்ற சொல்லும் அங்கே அவப்பெயர் பூண்டது. 1970 இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021 இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது. மாற்ற வேண்டிய பட்டியலில் வீடு மட்டுமன்றிச் சொல்லும் சேர்ந்துவிட்டது.

நம் தோட்டங்களில் அத்தாப்பு போய்த் தகரமும் கல்நார் ஓடும் வந்தன. பின்னர் தோட்டங்களே துண்டாடப்பட்டன. இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நின்றது. சுற்றிலும் பனையினம் சூழ்ந்திருந்தும் அதன் ஓலை கூரைக்கு ஏறவில்லை. தென்னையைப் போல் ஒரே தளத்தில் இலை விரியாமல் செம்பனை பல திசையிலும் சிலிர்த்து நிற்கும், முடைவதற்குப் படியாது. செம்பனைக்குப் பின் சில இடங்களில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஆயினும் 'ஆயாக் கொட்டகை' என்ற சொல், குழந்தைக் காப்பகம் செங்கல் கட்டடமான பின்னும் கொட்டகையாகவே இருந்தது. 'கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் தெய்வம்' என்று இன்றும் சொல்லுகிறோம். அடுக்கு வீட்டில் வளரும் பிள்ளைக்கு அத்தொடர் எப்படி விளங்கும்? ஓலையைப் பிய்க்கலாம், கான்கிரீட்டை எந்தத் தெய்வமும் பிய்க்காது. மரபுத்தொடரை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர், ஒரு கீற்றின் படத்தையாவது காட்டினால் பாதி வேலை முடிந்தது.

பாடாங் செராய்க்கு அருகே மலிவு விலை வீடொன்றில் வாழும் முதியவரை அண்மையில் சந்தித்தேன். இளமையில் மாட்டுக் கொட்டகைகளும் கோயில் பந்தல்களும் வேய்ந்தவர். கூரையின் உறுப்புகளுக்குப் பெயர் கேட்டேன். எல்லாம் மறந்துபோயிற்றென்று தலையை அசைத்தார். என்னிடமிருந்த இரண்டு பென்சில்களையும் ஒரு நூலையும் அவர் கையில் தந்து, கைமரத்தில் குறுக்குக் கழியை எவ்வாறு கட்டுவீர்கள் என்றேன். விரல்கள் நூலைச் சுற்றி இழுத்த நொடியில் 'வரிச்சு' என்று வாய் சொல்லியது. பிறகு அரைமணி நேரம் அவர் நிறுத்தவில்லை. சொல் அவருடைய நினைவில் இல்லை, விரலில் இருந்தது. அவ்விரல்களுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது.

ஆகவே மாணவர்களே, உங்கள் இல்லத்து முதியவர்களிடம் சொற்பட்டியலை நீட்டிப் பெயர் கேட்காதீர்கள். ஓர் ஓலையையோ குச்சியையோ கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். செய்யும்போது ஒலிப்பதிவு செய்யுங்கள். பெயர்ச்சொல்லைவிட வினையைக் கவனியுங்கள்: அத்தாப்பைக் கட்டினார்களா, செருகினார்களா, அடுக்கினார்களா, மேய்ந்தார்களா? ஓலையை யாரிடம் வாங்கினார்கள், எந்த மொழியில் விலை பேசினார்கள் என்றும் கேளுங்கள். 'மேஞ்சோம்' என்று ஒலித்தால் 'வேய்ந்தோம்' என்று திருத்தி எழுதாதீர்கள். ஊர்ப்பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பேசியவரின் வயதையும் தாளின் தலையில் எழுதுங்கள்; முதியவர் இசையாவிட்டால் அவர் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். தாள்களைத் தமிழாசிரியர்கள் பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கலாம். அடுத்த விடுமுறைக்கு முன் தொடங்குவது நல்லது.